அகப்பை யார் கையில்?

போன மாதம் எங்கள் பக்கம் ஒரு கூட்டம் நடந்தது. பழைய சத்திரங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்களின் கூட்டம். வரலாற்று ஆர்வலர்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள், ரெண்டு மூணு கட்சிக்காரர்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒருவர் மைக்கைப் பிடித்து உருகினார். சாதி பார்க்காமல் சோறு போட்ட மண்ணாம் இது. பார்ப்பனர் முதல் பறையர் வரை எல்லோருக்கும் இலை போட்ட ராஜாக்கள் ஆண்ட பூமியாம். சாதி சாதி என்று இன்றைக்கு மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இந்தச் சத்திரத்துத் திண்ணையில் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த நம்ம பையன் ஒருத்தனும் தட்டினான். கல்லூரியில் படிக்கிறவன். தட்டி முடித்துவிட்டு என்னிடம் குனிந்து, "நெசந்தானே மாமா? ராஜாவே கைப்பட எழுதியிருக்காராமே?" என்று கேட்டான்.

அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். எழுந்தால் கலகக்காரன் வந்துவிட்டான் என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தப் பையனுக்கும், அவனைப் போலக் கை தட்டுகிற மற்ற பிள்ளைகளுக்கும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ராஜா எழுதியது உண்மைதான்.

சத்திரமும் கடிதமும்

எங்கள் மணமேல்குடி இன்று புதுக்கோட்டை மாவட்டம். 1974-இல் அந்த மாவட்டம் உருவாகிற வரை நாங்கள் தஞ்சாவூர்க்காரர்கள். தஞ்சாவூரில் இருந்து ராமேசுவரம் போகிற பழைய சேது யாத்திரைப் பாதை எங்கள் கடலோரமாகத்தான் போகும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, ராஜாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல், தொண்டி என்று வரிசையாக வரும். ரயிலும் பஸ்சும் இல்லாத காலத்தில் காசியில் இருந்து நடந்து வருகிறவனுக்கு இந்தப் பாதையில் படுக்க இடமும் தின்னச் சோறும் வேண்டும். தஞ்சை மராத்திய அரசர்கள் இந்த வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். பல சத்திரங்களுக்கு அரச குடும்பத்துப் பெண்களின் பெயர். ஒரத்தநாட்டில் இருப்பது முத்தாம்பாள் சத்திரம். மணமேல்குடியிலும் ஒரு சத்திரம் எழும்பியது, மீமிசலிலும் எழும்பியது.

1799-இல் இரண்டாம் சரபோஜி நாட்டு நிர்வாகத்தைக் கும்பினியிடம் கொடுத்துவிட்டார். சத்திரங்களும் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் வந்தது. 1801-இல் தஞ்சாவூர் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கூட்டத்தில் பேசியவர் சொன்னது இந்தக் கடிதத்தைத்தான். பிராமணர் முதல் பறையர் ஈறாக வருகிற பயணிகள் எல்லோருக்கும் சத்திரத்தில் சோறு உண்டு என்கிறார் சரபோஜி. நடுச்சாமத்தில் மணி அடித்து, சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள் என்கிறார். நோயாளிக்கு மருத்துவம் பார்த்தார்கள், குழந்தைக்குப் பால் கொடுத்தார்கள், வழியில் அநாதையாகிவிட்ட பிள்ளைகளைப் பராமரித்தார்கள், வேதம் ஓதவும் படிக்கவும் வாத்தியார்களை வைத்திருந்தார்கள் என்றெல்லாம் அந்தக் கடிதம் அடுக்குகிறது.

நல்ல காரியம்தான். பசித்தவன் வயிற்றுக்குள் போன சோற்றை நான் குறை சொல்ல மாட்டேன். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த வழியாகப் போன நம் பாட்டன் ஒருத்தன் அந்த மணிச் சத்தம் கேட்டு எழுந்து போய் ஒரு கவளம் தின்றிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஆக்கின சோற்றை வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியாகவும் சாமானாகவும் கொடுத்தார்கள் என்று இருக்கிறது. தோழர்களே, இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். ஆக்கின சோற்றை வேண்டாம் என்று சொல்கிறவன் யார்? எதனால் சொல்கிறான்? நாள் முழுக்க நடந்து கால் வீங்கி வந்தவன், ஆவி பறக்கிற சோற்றைத் தள்ளிவிட்டு, 'அரிசியாக் குடு, நானே பொங்கிக்கிறேன்' என்கிறான். அவனுக்குப் பசி இல்லையா? பசி இருக்கிறது, பசிக்கு மேலே சாதி இருக்கிறது. அடுத்தவன் கை பட்ட சோறு அவனுக்கு ஆகாது. சத்திரம் அவனிடம் "எல்லோரும் தின்பதைத் தின்னு, இல்லாட்டிப் போ" என்று சொல்லவில்லை. அவனுடைய தீட்டுக்கு மரியாதை கொடுத்து, தனியாக அளந்து போட்டது.

"எல்லோருக்கும்" என்ற வார்த்தையின் யோக்கியதை இதுதான். எல்லோருக்கும் சோறு உண்டு, ஆனால் எல்லோரும் சேர்ந்து தின்றதாக அதில் ஒரு வரி இல்லை. சத்திரம் சாதியை ஒழிக்கவில்லை. பாதை நெடுகச் சாதி கெடாமல் நடந்து போவதற்கு வசதி செய்து கொடுத்தது.

நான் கற்பனை பண்ணுவதாக யாராவது சொன்னால் அவர்களிடம் ஒரு சட்டத்தைக் காட்டுங்கள். 1955-இல் இந்தியப் பாராளுமன்றம் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் போட்டது. 1976-இல் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று அதன் பெயரை மாற்றினார்கள். எதையெல்லாம் தடுத்தால் குற்றம் என்று அந்தச் சட்டம் பட்டியல் போடுகிறது. கடை, ஓட்டல், கிணறு, குளம், சுடுகாடு. அந்தப் பட்டியலில் தர்மசாலையும் இருக்கிறது. தர்மசாலையில் பொதுமக்களுக்காக வைத்திருக்கிற பாத்திரத்தைத் தொட விடாமல் தடுத்தால் தண்டனை என்று தனியாக எழுதியிருக்கிறது. தர்மசாலைப் பாத்திரத்தில் சாதி இல்லை என்றால், சுதந்திரம் வந்து எட்டு வருஷம் கழித்து அதை ஏன் சட்டத்தில் எழுத வேண்டி வந்தது?

எங்கள் ஊர் நாயனார்

சோறு போடுவதைப் பற்றிப் பேசினால் மணமேல்குடிக்காரனுக்குச் சத்திரத்துக்கும் முந்தின கதை ஒன்று இருக்கிறது. அறுபத்து மூவரில் ஒருவரான குலச்சிறை நாயனார் எங்கள் ஊர்க்காரர். ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியனுக்கு மந்திரி. பெரிய புராணம் அவரை எப்படிப் புகழ்கிறது? வருகிறவன் நாலு வருணத்தானோ அதற்கு வெளியே உள்ளவனோ, சிவனடியார் என்றால் விழுந்து கும்பிடுவார். பல பேராக வந்தாலும் ஒத்தை ஆளாக வந்தாலும் எதிர்கொண்டு அழைத்துச் சோறு போடுவார். சத்திரம் வருவதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே மணமேல்குடி அன்னதானத்துக்குப் பேர் போன ஊர்.

அதே பெரிய புராணம்தான், வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணரை மதுரையில் கழுவேற்றச் சொல்லி அரசன் இந்த மந்திரியிடம் ஒப்படைத்ததையும் சொல்கிறது. அது நடந்ததா, எண்ணாயிரம் சரியா என்று ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை போடட்டும். புராணம் எழுதியவருக்கு இரண்டும் பெருமைதான். சோறு போட்டதும் பெருமை, கழுவேற்றியதும் பெருமை. நமக்கு அதில் தெரிகிற பாடம் வேறு. நெற்றியில் நீறு இருந்தால் சாதி கேட்காமல் இலை, இல்லாவிட்டால் கழுமரம். போடுகிற சோற்றுக்கு ஒரு நிபந்தனை இருந்தது, நிபந்தனையை எழுதியவன் கையில் அதிகாரம் இருந்தது. தமிழ்நாட்டுப் பூர்வ பவுத்தர்களைத்தான் தோற்கடித்துத் தீண்டாதவர்கள் ஆக்கினார்கள் என்று பண்டிதர் அயோத்திதாசர் எழுதினார். அவர் கருத்தை முழுக்க ஏற்காதவர்கள்கூட அவர் கேட்ட கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. யார் இலைக்கு வந்தார்கள், யாரை விரட்டினார்கள், அதை முடிவு பண்ணியது யார்?

நெல் எங்கிருந்து வந்தது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சத்திரத்தில் தினம் பொங்கிய அரிசி ராஜா வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததா? இல்லை. சத்திரங்களுக்குக் கிராமங்களை எழுதி வைத்தார்கள். அந்தக் கிராமத்து வருமானம் சத்திரத்துக்கு. அந்தக் கிராமத்து வயலில் இறங்கியவன் யார்? உழுதவன், நாற்று நட்டவள், அறுத்தவன், கட்டுச் சுமந்தவள், களத்தில் அடித்தவன் யார்? தஞ்சாவூரில் பள்ளரையும் பறையரையும் நிலத்தோடு சேர்த்து அடிமையாக வைத்திருந்த காலம் அது. 1819-இல் சென்னை வருவாய் வாரியம் அடிமை முறை பற்றி ஜில்லா ஜில்லாவாகக் கலெக்டர்களிடம் விசாரித்தபோது தஞ்சாவூரும் அந்தக் கணக்கில் இருந்தது. அடிமைத்தனத்துக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்று சொல்லவே 1843 ஆயிற்று. ஆக, சரபோஜி 1801-இல் பெருமையாக எழுதின அந்தச் சோறு, அடிமை கையால் விளைந்த சோறு.

அந்த அடிமைக்குக் கொடுத்த கூலியின் மிச்சம்தான் சத்திரம். முழுக் கூலி கொடுத்திருந்தால் எழுதி வைக்க அத்தனை நெல் இருந்திருக்காது. நம்மிடம் பிடித்ததை ஒரு பெரிய பானையில் போட்டுப் பொங்கி, அதில் ஒரு அகப்பை நமக்கு ஊற்றி, அதற்கும் தர்மம் என்று பேர் வைத்துக் கல்வெட்டு வெட்டிக்கொண்டார்கள்.

இது பழைய ராஜா காலத்துக் கதை என்று யாராவது சொன்னால் கீழ்வெண்மணிக்குக் கூட்டிப் போங்கள். 1968 டிசம்பர் 25. அதே பழைய தஞ்சை மாவட்டம். கோயிலுக்கும் மடத்துக்கும் சத்திரத்துக்கும் வேலி வேலியாக எழுதி வைத்த அதே பூமி. அங்கே நம் ஆட்கள் தானம் கேட்கவில்லை, கூலி கேட்டார்கள். அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். அதற்கு என்ன பதில் கிடைத்தது? பெண்களும் குழந்தைகளுமாக 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கொளுத்தியதாக வழக்கில் நின்ற மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலையும் செய்தது.

தானம் என்றால் மரக்கால் மரக்காலாக வரும், கூலி என்றால் அரைப்படி வராது. ஏன்? தானம் கேட்கிறவன் குனிந்து நிற்பான், கூலி கேட்கிறவன் நிமிர்ந்து நிற்பான். அவர்களுக்குப் பிரச்சினை நெல் அல்ல, நம் முதுகெலும்பு.

அப்பாயியின் கொட்டான்

நான் சின்னப் பையனாக இருந்தபோது, எழுபதுகளில், எங்க அப்பாயி என்னை ஒரு அன்னதானத்துக்குக் கூட்டிப் போச்சு. கடலோர ரோட்டில் ஒரு ஊர். எந்த ஊர், எந்தக் கட்டடம் என்பதெல்லாம் வேண்டாம். இந்தப் பக்கம் எல்லா ஊரிலும் அன்றைக்கு அதுதான் நடப்பு. காலையில் போனோம். கட்டடத்துக்குப் பின்பக்கம், எச்சில் இலை விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு புளிய மரத்தடி. நம்ம தெரு ஆட்கள் எல்லாம் அங்கே. உள்ளே பந்தி நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு பந்தி, ரெண்டு பந்தி, அஞ்சு பந்தி. வெயில் ஏறி இறங்கிருச்சு.

மூணு மணி வாக்கில் ஒரு ஆள் வாளியோடு வந்தார். "ஏ புள்ள, தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்றார். எங்க அப்பாயிக்கு அப்போ அறுபது வயசுக்கு மேல. அந்த ஆளுக்கு முப்பது இருந்தால் அதிகம். அப்பாயி "சரிங்க சாமி" என்று பனையோலைக் கொட்டானைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துச்சு. அவர் வந்து, மேலே இருந்து, கொட்டானுக்குள் சோற்றைக் கொட்டினார். சோறு, சாம்பார், பாயசம் எல்லாம் ஒரே வாளியில் கலந்தது. கொஞ்சம் வெளியில் மண்ணில் விழுந்தது. அப்பாயி அதையும் வழித்துக் கொட்டானில் போட்டுச்சு.

வீட்டுக்கு வந்து எனக்கு ஊட்டும்போது சொன்னுச்சு: "இது எந்த வயக்காட்டு நெல்லுன்னு எனக்குத் தெரியும்டா. நாந்தான் நட்டேன்." அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னுச்சு. கூட்டத்தில் மைக் பிடித்தவர் பேசியதையும் அப்பாயி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதில் வரலாறு இருக்கிறது?

தர்மப் பணம் எங்கே போனது?

1855-இல் தஞ்சாவூர் அரச வாரிசு முடிந்தது. சத்திரங்கள் வெள்ளைக்கார அரசாங்கத்தின் கைக்கும், பிறகு உள்ளாட்சி வாரியங்களின் கைக்கும் வந்தன. சத்திரப் பணத்தில் என்ன நடந்தது? 1881-இல் திருவையாற்றில் ஒரு கல்லூரி. என்ன கல்லூரி? சமஸ்கிருதக் கல்லூரி. நெல் பறையன் நட்டது, கல்லூரி வேதக்காரனுக்கு. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் இருந்த சத்திர மாணவர் விடுதிகளில் பார்ப்பனப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சோறும் படுக்கையும்.

இதை உடைத்தது சத்திரத்து தர்ம சிந்தனை அல்ல, அரசியல். நீதிக்கட்சியின் ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சாவூர் ஜில்லா போர்டுத் தலைவராக வந்தார். சத்திர அறக்கட்டளை சமஸ்கிருதத்துக்கு மட்டும் உரியது இல்லை என்று ஆவணத்தை எடுத்துக் காட்டி, 1924-இல் திருவையாற்றுக் கல்லூரியில் தமிழை நுழைத்தார். அது அரசர் கல்லூரி ஆனது. விடுதிகளைப் பார்ப்பனர் அல்லாத பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார். அதே 1924-இல்தான் சென்னைச் சட்டசபையில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எதிலும் ஒடுக்கப்பட்டவர்களைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானம்.

நம் படிக்கிற பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நூறு வருஷத்துக்கும் மேலாக அன்னதானம் நடந்தது. நம்ம பிள்ளை ஒருத்தன் அந்த விடுதிக்குள் தட்டோடு உட்காருவதற்கு ஓட்டும் சட்டமன்றமும் தேவைப்பட்டன. புண்ணியம் செய்யாததைப் பதவி செய்தது.

மறுபக்கமும் பேசுவோம்

அப்படியானால் சோறு போடுகிற எல்லோரும் அயோக்கியர்களா என்று கேட்பார்கள். இல்லை. 1867-இல் வடலூரில் வள்ளலார் தருமசாலை வைத்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவர் சாதியையும் சாத்திரத்தையும் வாய்விட்டு மறுத்துவிட்டுத்தான் அடுப்பை மூட்டினார். சீக்கியர்களின் லங்கரைப் பாருங்கள். ராஜாவாக இருந்தாலும் தரையில் அதே வரிசையில் உட்கார வேண்டும். ஆக்குகிறவனுக்கும் பரிமாறுகிறவனுக்கும் சாதி கிடையாது என்பது அங்கே விதி. அரிசியாக் குடு என்று கேட்டு வாங்கிப் போகிற வழி அங்கே கிடையாது.

சென்னையில் ஒரு உதாரணம் உண்டு. 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலி யுத்தத்தால் பஞ்சம் வந்தபோது ராயபுரம் பக்கம் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம் மணியக்காரர் சத்திரம். அங்கே பிற்பாடு வைத்தியசாலை வந்தது. அது வளர்ந்து இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆயிற்று. பழைய ஆட்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். கஞ்சித் தொட்டியில் இருந்து பொது மருத்துவமனை. கஞ்சிக்கு வரிசையில் நின்றவனின் பேரப்பிள்ளை இன்று அதே ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி உள்ளே போகிறான். இடஒதுக்கீட்டில் அங்கேயே டாக்டருக்கும் படிக்கிறான். யாரையும் "சாமி" என்று கும்பிட வேண்டியதில்லை. தானம் உரிமையாக மாற முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் தானாக மாறாது. மாற்ற வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் இதை 1932-லேயே சொல்லிவிட்டார். பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு காந்தியாரின் ஆட்கள் தீண்டாமை ஒழிப்புக்கு என்று சங்கம் வைத்தார்கள். பிற்பாடு அரிஜன சேவா சங்கம் என்று ஆனது. அதன் செயலாளர் தக்கருக்குக் கப்பலில் இருந்தபடியே அண்ணல் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எங்கள் ஆட்களை நல்லொழுக்கம் உள்ளவர்களாக ஆக்குவது உங்கள் வேலை இல்லை. கிணற்றிலும் பள்ளியிலும் தெருவிலும் உரிமையை நிலைநாட்டப் போராடுங்கள், வேலையிலும் தொழிலிலும் சம வாய்ப்பு வாங்கிக் கொடுங்கள், அதில் சாதி இந்துக்களோடு மோத வேண்டி வந்தால் மோதுங்கள் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். சங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சேவை செய்தது, மோதவில்லை.

இன்றைக்கு

பழங்கதையை விட்டுவிட்டு இன்றைக்கு வாருங்கள். 2004 டிசம்பரில் சுனாமி. நாகப்பட்டினம் பக்கம் முகாம்களிலும் நிவாரணத்திலும் தலித்துகளைத் தள்ளி வைத்ததை மனித உரிமை அமைப்புகள் ஊர் ஊராகப் பதிவு செய்தன. கடலுக்கே சாதி இல்லை, கடல் கொண்டுபோன பிறகு வந்த அரிசி மூட்டைக்குச் சாதி இருந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல். எங்கள் கடலோரமே முறிந்து கிடந்தது. தென்னை போச்சு, கூரை போச்சு, படகு போச்சு. வெளியூரில் இருந்து லாரி லாரியாக நல்லவர்கள் வந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் லாரி மெயின் ரோட்டில் ஊர்ப் பெரிய மனுசங்க நிற்கிற இடத்தில் நிற்கும். சாமான் அங்கேயே இறங்கும். "காலனிக்கு அப்புறம் அனுப்புறோம்" என்பார்கள். எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது என்ன இருந்தது தெரியுமா? பழைய துணி. வீட்டில் பெண்கள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடித்து வைத்தார்கள். புளிய மரத்தடிக்கு அஞ்சு பந்தி முடிந்து வந்த வாளிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அரசுப் பள்ளிச் சத்துணவை ஒரு அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியையே மறித்தார்கள். 2022 டிசம்பரில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்க மாவட்ட ஆட்சியர் போனபோது அந்தப் பகுதி டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் கோயிலுக்குள் விடாததும் சேர்ந்து வெளியே வந்தன. பிராமணர் முதல் பறையர் வரை ஒரே பானை என்று மைக்கில் உருகியவருக்கு, தன் மாவட்டத்து டீக்கடையில் எத்தனை கிளாஸ் இருக்கிறது என்று எண்ணத் தோன்றவில்லை.

நாம் வாங்கித் தின்றால் அவர்களுக்குப் புண்ணியம். நாம் ஆக்கிப் போட்டால் அவர்களுக்குத் தீட்டு. இந்த ஒரே உரைகல் போதும். இனிமேல் எந்த அன்னதானத்தைப் பற்றி யார் பெருமை பேசினாலும் நாலு கேள்வி கேளுங்கள். நெல் யார் நிலத்தில் விளைந்தது? யார் ஆக்கினார்கள்? யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? அகப்பை யார் கையில் இருந்தது?

என்ன செய்வது?

சத்திரங்களை இடித்துத் தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் பாட்டன் சுமந்த கல், நம் பாட்டி குழைத்த சுண்ணாம்பு. காப்பாற்றுங்கள். ஆனால் நாங்கள் கேட்கிற கணக்கைக் கொடுத்துவிட்டுக் காப்பாற்றுங்கள்.

முதல் கணக்கு, நிலம். சத்திரச் சொத்துகளைக் கவனிக்கத் தஞ்சாவூர் மாவட்ட நிர்வாகத்தில் தனி வட்டாட்சியரே இருக்கிறார். எந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர், யார் குத்தகை, எவ்வளவு பாக்கி, எது ஆக்கிரமிப்பு? ஊர் ஊராகப் பலகையில் எழுதிப் போட வேண்டும். உழுதவன் வாரிசு இன்னும் நிலமில்லாமல் கூலிக்குத்தான் போகிறான். குத்தகையில் அவனுக்கும், அவனிலும் முதலில் பெண்களுக்கும் முன்னுரிமை வேண்டும். 1891-இல் செங்கல்பட்டு ஜில்லாவைப் பார்த்து திரமென்ஹீர் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதிய அறிக்கையின் பலனாக 1892-இல் பஞ்சமி நிலம் பற்றிய ஆணை வந்தது. அவர்கூடக் கஞ்சித்தொட்டி போதும் என்று சொல்லவில்லை, நிலம் வேண்டும் என்றார். அந்தப் பஞ்சமி நிலத்தை மீட்கக் காரணையில் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். அன்னதானம் கேட்டவனை யாரும் சுட்டதில்லை. நிலம் கேட்டவனைத்தான் சுட்டார்கள்.

இரண்டாவது, படிப்பு. சத்திர வருமானத்தில் நூறு வருஷத்துக்கு மேல் வேதம் படித்தாயிற்று. இனி அந்த வருமானத்தில் ஆதிதிராவிட மாணவர் விடுதிகள் ஓழுங்காகக் கட்டப்படட்டும். ஓட்டைக் கூரையும் புழு அரிசியும் இல்லாத விடுதிகள்.

மூன்றாவது, நிவாரணம். புயலும் வெள்ளமும் எங்கள் கடற்கரைக்குத் திரும்பத் திரும்ப வரும். முதல் லாரி காலனிக்குப் போக வேண்டும். கணக்கெடுப்பு காலனியில் தொடங்க வேண்டும். பங்கிடுகிற குழுவில் பாதிப் பேர் காலனிப் பெண்களாக இருக்க வேண்டும். இதைக் கேட்டால் சாதியைக் கிளப்புகிறோம் என்பார்கள். கிளப்பித்தான் ஆக வேண்டும்.

மாணவத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வேலை சொல்கிறேன். பத்து ரூபாயும் ஒரு வெள்ளைத்தாளும் போதும். 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் வட்டத்துச் சத்திர நிலங்களின் சர்வே எண், குத்தகைதாரர், வருமானம், செலவு எல்லாவற்றையும் கேளுங்கள். தஞ்சாவூர் மராத்தியர் காலத்துப் பழைய கணக்குகள் மோடி என்ற மராத்தி எழுத்தில் இருக்கின்றன. சரஸ்வதி மகாலில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. நம்மில் நாலு பேர் அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ராஜா கடிதத்தை அவர்கள் படித்துக் காட்டினார்கள். கணக்குப் புத்தகத்தை நாம் படித்துக் காட்டுவோம்.

தம்பி, நீ கேட்டாயே, ராஜாவே எழுதியிருக்கிறாராமே என்று. எழுதியிருக்கிறார்தான். பறையனுக்கும் சோறு போட்டோம் என்று எழுதியிருக்கிறார். பறையன் விளைவித்ததை எடுத்துத்தான் போட்டோம் என்று எழுதவில்லை. அதை உன் பாட்டிக்குப் பாட்டி எழுதியிருப்பாள். அவளுக்கு எழுதப் படிக்க விடவில்லை. உனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு நாம் சேர்ந்தே போவோம், மாமாவும் மருமகனுமாக. இந்த முறை முன்வரிசையில் உட்காருவோம். அவர் பேசி முடித்ததும் நீ கை தட்டாதே. எழுந்து நின்று கேள், "ஐயா, அந்த நெல்லை யார் நட்டது?"